கடைசி பெஞ்சு வந்து சேரும்வரை

ஜெபசிங்கின் கை இப்போதெல்லாம் உத்தரவுக்குக் காத்திருந்தது. டீ கிளாஸைப் பார்ப்பான், எடுக்க வேண்டும் என்று நினைப்பான், கை மேஜைமேல் அப்படியே கிடக்கும். யாராவது வந்து தொடங்கிவைக்க வேண்டும் என்பதுபோல. பிறகு தானாகக் கிளம்பும். கிளம்பிவிட்டால் ஒழுங்காகத்தான் வேலை செய்யும். கிளம்புவதில்தான் தகராறு.

நரம்பு டாக்டர் பூசி மெழுகவில்லை. "இன்னொரு டூர் போனீங்கன்னா இந்த அசைவும் போயிடும். சட்டையை மாட்டினாத்தான் கை அசையும், கழட்டினா சோறு ஊட்ட ஆள் வைக்கணும்," என்றார்.

சட்டை மாட்டிக்கொள்வதுதான் அவனுக்குத் தொழில்.

'கந்தகக்காடு' பெரிய ராக் இசைக்குழு. நான்கு பேர். ஒரே நாளில், ஒரே நேரத்தில், கோவையிலும் கொழும்பிலும் துபாயிலும் மேடையேறுவார்கள். நால்வரும் ஏதோ ஒரு மலையில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வாசிக்க, அந்தக் கை கால் அசைவு ஒவ்வொரு ஊரிலும் வாடகைக்கு எடுத்த உடல்களுக்குப் போய்ச் சேரும். தோளிலிருந்து கணுக்கால்வரை இறுகப் பிடிக்கும் கறுப்புச் சட்டை அதை வாங்கி நரம்புக்குள் செலுத்தும். முகத்தில் ஒரு முகமூடி, அதன்மேல் ஒளியால் வரைந்த அசல் முகம். டிரம்ஸில் துருவன் என்று டிக்கெட்டில் போட்டிருந்தால் அடிப்பது துருவன்தான், உடம்பு மட்டும் இன்னொருவருடையது. இது யாருக்கும் ரகசியமில்லை. ஆரம்பத்தில் நாலு பேர் பத்திரிகையில் திட்டி எழுதினார்கள். டிக்கெட் விலை இறங்கியதும் எழுதியவர்களே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

கம்பெனிக் காகிதத்தில் உடம்பை வாடகைக்குக் கொடுப்பவர்களுக்குப் பெயர் 'மேடை உடல்'. தங்களுக்குள் 'மாடு' என்று சொல்லிக்கொள்வார்கள். மலையில் இருப்பவர் ஓட்டுநர்.

அன்றைய மேடை கோவைக்கு வெளியே, மூடிப்போன ஒரு பஞ்சாலையின் மைதானத்தில். இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று போலீஸ் சொல்லியிருந்ததால் மத்தியான வெயிலிலேயே கூட்டம் நிறைந்துவிட்டது. மாடுகளுக்கு உடை மாற்றும் இடம் பழைய பஞ்சுக் குடோன். வெளியே "கந்தகம்! கந்தகம்!" என்று கத்தும்போதெல்லாம் தகரக் கூரையிலிருந்து தூசி உதிர்ந்தது.

"இன்னா ஜெபா, கையெய்த்து போடுவியா மாட்டியா?" என்றான் டில்லிபாபு. கிதார் மாடு. வடசென்னைக்காரன், ஜிம் உடம்பு. கிதாரில் எத்தனை கம்பி என்று கேட்டால் எண்ணிப் பார்த்துத்தான் சொல்வான். "ஷோ முடிஞ்ச கையோட கம்பெனி அம்மா அடுத்த டூர் பேப்பர எத்துக்குனு வந்து நிக்கும்."

"தெரியல்ல."

"தெரியலயாம். ஊருக்குப் போயி இன்னா பண்ணுவ?"

"அதுவும் தெரியல்ல. நீ போட்டியா?"

"நேத்தே போட்டாச்சு. என் கைய வெச்சிக்கினு நான் இன்னா கோட்டையா கட்டப்போறேன்? எவனோ ஓட்டட்டும். ஜனம் என்னப் பாத்துதான விசில் அடிக்குது."

"உன் மூஞ்சியப் பாத்தா அடிக்குறாவ? லைட்டப் பாத்து அடிக்குறாவ."

"தோ, உனுக்கு வயித்தெரிச்சல்."

நாச்சிமுத்து சட்டையோடு வந்தார். சட்டை மாட்டி, கொக்கிகளை இறுக்கி, ஷோ முழுக்க மேடைக்குப் பின்னால் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் டெக்னீசியன் அவர். பொள்ளாச்சிக்காரர், நாற்பது தாண்டியவர். எந்த மாட்டிடமும் பிரியமும் காட்டமாட்டார், கோபமும் காட்டமாட்டார்.

"திரும்பு. மூச்சை விடு."

ஜெபசிங் முதுகைக் காட்டினான். "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேக்காத."

"போன வாரம் மதுரையில ஒருத்தன் செருப்ப விட்டெறிஞ்சாம்லா. துருவன் என் தலையக் குனிய வச்சாரு. செருப்பு மேலோட போச்சு."

"நல்லதுதானப்பா. உன்ற மூக்கு தப்புச்சு."

"அதே நேரத்துல கொழும்புலயும் துபாய்லயும் மாடு குனிஞ்சிச்சா? அங்க எவனும் செருப்பு எறியல்லயே."

நாச்சிமுத்து ஒரு கொக்கியை வேண்டியதைவிட இறுக்கினார். "செருப்படி வாங்காம இருந்ததுக்கு ஆராய்ச்சி பண்ற ஒரே ஆளு நீதான் தம்பி. காலை நீட்டு."

இந்த வேலைக்கு அவனை எடுத்த கதை வேடிக்கையானது. தேர்வுக்கு வந்தவர்களில் நன்றாக டிரம்ஸ் அடித்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொந்தப் பழக்கம் உள்ள கை, சட்டை சொல்வதை எதிர்த்து இழுக்கும். ஒன்றுமே தெரியாதவனும் ஆகமாட்டான், முட்டி பெயர்ந்துவிடும். ஜெபசிங் அடித்ததைக் கேட்டுவிட்டு, "உனக்கு அடிக்கவும் வரல, அடிக்க வராமலும் இல்ல. இப்படி ஒருத்தனைத்தான் தேடினோம்," என்றார்கள். போதாததற்குத் துருவனின் உயரம், துருவனின் தோள்.

அடிக்காமலே அடிப்பதுபோல இருப்பதில் அவனுக்குச் சின்ன வயதிலேயே பயிற்சி இருந்தது. திருச்செந்தூர்ப் பக்கம் ஞானபுரத்தில் அவர்கள் கோயில் ரயில்பெட்டி மாதிரி நீளமானது. முன்னால் பாடுவது பின்னால் போய்ச் சேர நேரமாகும். கடைசி பெஞ்சுக்காரர்கள் எப்போதும் இழுத்துத்தான் பாடுவார்கள். அதனால் அந்தக் கோயில் பாடகர் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் கடைசி வரிக்கு முன்னால் நின்றுவிடுவார்கள். கடைசி பெஞ்சு வந்து சேர்ந்த பிறகுதான் கடைசி வரி. பக்கத்து ஊர்ச் சபைக்காரர்கள், "ஞானபுரத்தான் ஆமென் சொல்லுததுக்குள்ள பிரியாணி ஆறிப்போவும்" என்று கேலி செய்வார்கள்.

அங்கே டிரம்ஸ் அடித்தது அவனுடைய அக்கா பியூலா. ஆனால் ஒரு பெண்பிள்ளை எல்லோருக்கும் முன்னால் காலை அகட்டி உட்கார்ந்து அடிப்பதைக் கமிட்டி ஒப்பவில்லை. வழி கண்டுபிடித்தது பியூலாதான். முன்னால் அவன் உட்கார்வான், அவன் டிரம்ஸுக்குள் துணி அடைத்திருக்கும். பின்னால் மரத்தட்டி மறைவில் அவள் உட்கார்வாள், அவளுடையதற்கு மைக் இருக்கும். ஜனங்கள் அவனைப் பார்த்தார்கள், அவளைக் கேட்டார்கள். பாதிரியாருக்குத் தெரியும், தெரியாததுபோல இருந்தார்.

ஒரே ஒரு சிக்கல். மறைவிலிருந்து அவளுக்குக் கடைசி பெஞ்சு தெரியாது. அதற்கும் ஒன்று செய்துவைத்திருந்தார்கள். கடைசி வரிக்கு முன் நிற்கும்போது அவள் குச்சியின் நுனியால் டிரம்மின் விளிம்பை இரண்டு முறை தட்டுவாள். வந்துட்டாவளா என்று கேட்பது அது. அவன் பின்னால் பார்த்து, எல்லோரும் வந்து சேர்ந்ததும், இடது காலடியில் மிதிகட்டையோடு இருக்கும் ஜோடி உலோகத் தட்டை மிதிப்பான். ச்சிக். வந்துட்டாவ. உடனே அவள் அடிப்பாள்.

பிறகு ஒரு கல்யாணக் கச்சேரிக்காரர் ஞானபுரத்துப் பையன் நன்றாக அடிக்கிறான் என்று கேள்விப்பட்டு அவனைக் கூட்டிப்போனார். முதல் பாட்டிலேயே குட்டு உடைந்தது. அப்பா இரண்டு டிரம்ஸையும் தூக்கி முற்றத்தில் போட்டு உடைத்தார். அந்த வாரமே பியூலா வீட்டைவிட்டுப் போனாள். எங்கே என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. விசாரிக்கிற உறவுக்காரர்களிடம் துபாயில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்தார்கள். சொல்லிச் சொல்லி அப்பாவே அதை நம்பிவிட்டார்.

மேடையில் நாச்சிமுத்து சட்டைக்கு உயிர் கொடுத்தார். முதுகில் எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது. பிறகு கைகள் இரண்டும் ஜெபசிங்கைவிட்டுப் போயின. அதில் வலியில்லை, சுகமும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதுபோல. வண்டி போகும், மரங்கள் போகும், நம் வேலை உட்கார்ந்திருப்பது மட்டும். உதவாதே, தடுக்காதே என்பது மாடுகளுக்குச் சொல்லித்தரும் ஒரே பாடம்.

முதல் அடி விழுந்ததும் மைதானம் பொங்கியது. லாரித் தண்ணீர் தெளித்துச் சேறாகிவிட்ட தரையில் இருபதாயிரம் பேர் குதித்தார்கள். ஒருவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். கை ஓய்ந்ததும் பக்கத்தில் நின்றவன் சட்டையைக் கழற்றச்சொல்லி அதையும் சுழற்றினான். கல்லூரிப் பெண்கள் தங்கள் தோழி ஒருத்தியைத் தோளில் ஏற்றியிருந்தார்கள். அவள் பாட்டிலைத் திறந்து முன்னால் இருந்த எல்லோர் தலையிலும் தண்ணீர் ஊற்றினாள், ஏதோ ஞானஸ்நானம் கொடுப்பவள் மாதிரி. மூன்றாவது பாட்டின்போது தடுப்புக்கம்பி சாய்ந்தது. சாய்த்தவர்களே அதைத் தூக்கி நிறுத்தி அதன்மேல் ஏறி நின்றார்கள். பவுன்சர் ஒருவர் இறங்கச் சொன்னார். அவரையும் மேலே இழுத்துக்கொண்டார்கள். அவரும் கொஞ்ச நேரம் ஆடினார்.

ஜெபசிங்கின் கைகள் வெளுத்து வாங்கின. குச்சி இரண்டு முறை ஒடிந்தது, கை தானாகப் புதுக் குச்சியை உருவிக்கொண்டது. முகமூடிக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. துடைத்துக்கொள்ள வழியில்லை. துருவனுக்குக் கண் எரியவில்லை, அதனால் கை வராது.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் பின்பக்க ஒலிபெருக்கிக் கோபுரத்தில் ஒரு கூட்டம் ஏறியது. கோபுரம் தாங்கியது, கேபிள் தாங்கவில்லை. மைதானத்தின் பின்பாதிக்குச் சத்தம் நின்றுபோனது. அதற்காக யாரும் வாயை மூடவில்லை. முன்பாதியிலிருந்து வருவதைக் கேட்டுப் பின்பாதி பாடியது. அதனால் பிந்திப் பாடியது.

கடைசிப் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம்.

'எரிச்சுட்டுப் போ, எரிச்சுட்டுப் போ, சாம்பலும் எங்க ஊரு.'

முடிவில், 'சாம்பலும் எங்க ஊரு' என்பதற்கு முன்னால், ஒரு மூச்சு அளவுக்கு எல்லா வாத்தியமும் நிற்கும். துருவன் இரண்டு கையையும் தூக்கி ஒரே அடியாக இறக்குவான். அந்த அடிக்காகத்தான் பாதிப் பேர் டிக்கெட் வாங்குவது.

ஜெபசிங்கின் கைகள் மேலே போயின. சத்தம் நின்றது. முன்பாதிக் கூட்டம் மூச்சைப் பிடித்தது. பின்பாதி இன்னும் 'எரிச்சுட்டுப் போ' என்று வந்துகொண்டிருந்தது.

கை இறங்கவில்லை.

சட்டை பழுதாகிவிட்டதோ என்று நினைத்தான். கிதாரோடு நின்ற டில்லியின் தலை இந்தப் பக்கம் திரும்பியது. அப்போது ஜெபசிங்கின் இடது கை மட்டும் மெல்ல இறங்கி, குச்சியின் நுனியால் டிரம்மின் விளிம்பைத் தொட்டது. டக், டக்.

துருவன் விளிம்பைத் தொடுகிற ஆள் இல்லை. குச்சி ஒடிய நடுவில் அடிப்பான். அத்தனை மேடைகளில் ஒரு தடவைகூட இந்தத் தட்டல் இந்தக் கைக்குள் வந்ததில்லை. ஆனால் ஜெபசிங்குக்கு அது தெரியும். அதன் பொருள் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்.

அவன் பின்னால் பார்த்தான். கோபுரத்தில் தொங்கியவர்கள், அதற்குக் கீழே தூசி, அதற்கும் பின்னால் சுவரோரத்துக் கடைசி வரிசை. அவர்கள் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அசைவது நின்றது. கடைசிக் குரலும் வந்து சேர்ந்தது.

அவன் இடது காலால் தட்டை மிதித்தான். யோசித்திருந்தால் கால் காத்திருந்திருக்கும். யோசிக்கவில்லை.

ச்சிக்.

அடுத்த நொடி இரண்டு கையும் இறங்கின. முன்வரிசையிலிருந்து சுவர்வரைக்கும் இருபதாயிரம் பேர் ஒரே குரலில் 'சாம்பலும் எங்க ஊரு' என்றார்கள். பழைய பஞ்சாலையின் உடையாமல் இருந்த கண்ணாடிகளும் அதிர்ந்தன. அதற்குப் பிறகு வந்த முடிவு அடிகளில் ஒன்று தவறியது. தவறவிட்டது ஜெபசிங் இல்லை.

குடோனில் நாச்சிமுத்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார். "காலை அமுக்குனியா?"

"ஆமா."

"இல்லைன்னு சொல்லு. இல்லைன்னு சொன்னா சட்டை மேல பழியப் போட்டுர்லாம். திரையில செவப்பா எரிஞ்சுபோச்சு. மாடு தானா இழுத்தா எனக்கும் தெரியும், ஓட்டறவங்களுக்கும் தெரியும்."

"நாந்தான் அமுக்குனேன் அண்ணாச்சி. அங்க இருக்கது யாரு?"

"துருவன்."

"செருப்புக்குக் குனிஞ்சது யாரு?"

நாச்சிமுத்து குடோன் வாசலைப் பார்த்தார். டில்லி வெளியே பெண்களோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை.

"துருவனுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சு ரெண்டு வருசம் ஆச்சு," என்றார். "இப்ப ஊருக்கு ஒரு ஓட்டுநர். எல்லாம் துருவன் மாதிரியே அடிக்கப் பழகுனவங்க. உனக்கு மதுரை ஷோவுல இருந்து ஒரு பொண்ணு."

"அப்புறம் மாடு எதுக்கு? அவியளே வந்து அடிக்கலாம்லா?"

"வெவரம் தெரியாம பேசாத. பாக்கத் துருவன் மாதிரி இருக்கறவனுக்கு அடிக்க வராது. அடிக்க வர்றவங்க பாக்கத் துருவன் மாதிரி இருக்கமாட்டாங்க. ரெண்டையும் ஒட்டறதுதான தொழிலே."

ஞானபுரத்தில் பியூலா இதை மரத்தட்டி ஒன்றை வைத்தே செய்துமுடித்தாள். கம்பெனிக்கு நரம்புச் சட்டையும் ஒரு மலையும் தேவைப்பட்டிருக்கிறது.

"அந்தப் பொண்ணு பேரு..."

"பேரெல்லாம் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியவும் தெரியாது. காதுல குரல் மட்டுந்தான்."

"பரவால்ல. எனக்குத் தெரியும்."

அப்போது கம்பெனி அம்மாள் காகிதத்தோடு வந்தாள். நல்ல ஷோ, பிரமாதம், கடைசியில் நிறுத்தினது புது ஐடியாவா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் காகிதத்தை மேஜைமேல் விரித்தாள். பேனாவையும் வைத்தாள்.

டாக்டர் சொன்னது ஜெபசிங்குக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இன்னொரு டூர், அதோடு கை போய்விடும். போகட்டும். அவளை எங்கே போய்த் தேடுவது? அவளைப் பிடிக்க அவனுக்குத் தெரிந்த ஒரே விலாசம் இந்தச் சட்டைதான். இதற்குள் இருந்தால் வாரத்துக்கு ஒரு தடவையாவது டக், டக் என்று கேட்பாள், அவன் ச்சிக் என்று சொல்வான். கையை வைத்துக்கொண்டு டில்லி கேட்டதுபோல என்ன கோட்டை கட்டப்போகிறோம்.

பேனாவை எடு என்று கையிடம் சொன்னான். கை மேஜைமேல் கிடந்தது.

"கொஞ்சம் பொறுங்க மேடம், போட்டுருதேன்," என்றான்.

நாச்சிமுத்து காதில் இருந்த கருவியை அழுத்திப் பிடித்தார். "சொல்லுங்க... ஆமாங்க, செவப்பு எரிஞ்சுது... சரிங்க." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கையை நீட்டிக் காகிதத்தை மேஜையிலிருந்து எடுத்து அம்மாளிடமே கொடுத்தார்.

"வேண்டாமுங்க. ஓட்டுநர் புகார் குடுத்துருச்சு. இந்த ஒடம்பு தானா அசையுதாம். இனி எந்த டூருக்கும் எடுக்கக் கூடாதுன்னு பதிஞ்சிருச்சு. அவங்க சொன்னாச் சொன்னதுதானுங்களே."

அம்மாள் ஜெபசிங்கைப் பார்த்தாள். பிறகு தோளையும் உயரத்தையும் ஒருமுறை பார்த்தாள். நல்ல உடம்பு வீணாகிறதே என்கிற பார்வை. காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

"எந்த டூருக்குமா?" என்றான் ஜெபசிங்.

"எந்த டூருக்கும். வேற கம்பெனி ஆனாலும் எடுக்கமாட்டாங்க, எல்லாத்துக்கும் போயிரும்." நாச்சிமுத்து கொக்கிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். "நீ அந்தப் பொண்ணை என்னமோ பண்ணீட்ட போல. ஒரு மாடு போச்சுன்னா அதுக்கும் வேலை நிக்கும். புது ஒடம்புக்குப் பழகோணும், அதுவரைக்கும் சும்மாத்தான் உக்காரோணும். தெரிஞ்சேதான் பண்ணுது."

"குரல் எப்படி இருந்திச்சு?"

"எப்படி இருக்கும்? மூக்கடைச்ச மாதிரி. ஏசி ரூமுல்ல."

சட்டை கழன்றது. உள்ளே இருந்த உடம்பு ஈரமாக, வெளிறி, கொக்கித் தடங்களோடு இருந்தது. நாச்சிமுத்து சட்டையை மடித்துக்கொண்டே, "டாக்டருகிட்டக் காட்டு," என்றார். அவனிடம் அவர் வேலைக்கு அப்பாற்பட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.

மைதானத்துக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. டீக்கடை பெஞ்சில் சேறு பூசிய பையன்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெபசிங்குக்கும் நுனியில் கொஞ்சம் இடம் விட்டார்கள். முகமூடி இல்லாத அவனை யாருக்கும் தெரியாது.

"கோபுரம் பக்கமாடா நின்னீங்க? அங்க சவுண்டே இல்லியே," என்றான் ஒருவன்.

"இல்லதான். ஆனா கடைசில துருவன் நின்னாம் பாரு. நாங்க பாடி முடிக்கற வரைக்கும் கைய எறக்கலடா. எங்களுக்காக நின்னான்."

"ஆமா, உன்ற மூஞ்சிக்கு நின்னான். கைல சுளுக்கா இருந்திருக்கும்."

"போடா. நாங்க முடிச்சதும் எறக்குனான். கரெக்ட்டா."

ஜெபசிங் கேட்டுக்கொண்டிருந்தான். பழி வாங்கினாளா, தப்பித்துப்போ என்று துரத்திவிட்டாளா? முன்னால் உட்கார்ந்து பேர் வாங்கியவனை எழுப்பிவிட வேண்டும் என்றும் இருந்திருக்கலாம். அவன் கை போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தும் இருக்கலாம். ஓட்டுகிறவர்களுக்கு மாட்டின் நரம்பு தெரியும் என்பார்கள். கேட்டுக்கொள்ள விலாசம் கிடையாது. இருந்த ஒன்றையும் அவளே மூடிவிட்டாள்.

டீ வந்தது. கிளாஸை முன்னால் வைத்தார்கள். எடுக்க வேண்டும் என்று நினைத்தான். கை தொடைமேல் கிடந்தது. ஆவி பறந்து, குறைந்து, நின்றது. பக்கத்துப் பையன், "அண்ணா, ஆறுது பாருங்க," என்றான்.

ஜெபசிங் பெஞ்சுக்கடியில் இடது காலைத் தூக்கித் தரையில் ஒருமுறை மிதித்தான்.

கை எழுந்து போய்க் கிளாஸை எடுத்தது.